வலது பக்கம்

மூன்று மாதமாய்
என் பாவாடை நாடா எட்டவில்லை.
பூம்பாறைக்கு அதற்கு ஒரே காரணம்தான் தெரியும்.
பூண்டுக் களத்தில் பேச்சு
என்னைக் கண்டதும் நின்றது,
பிறகு கண்டும் நிற்கவில்லை.

வத்தலக்குண்டு ஸ்கேனில் பிள்ளை இல்லை.
இடது சினைப்பையில் கட்டி,
பதினாறு சென்டிமீட்டர்.
அண்ணன் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி.
அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மதுரையில் டாக்டர் ஜெசிந்தா
ரசீதின் பின்புறம் படம் வரைந்தார்.
எனக்கு அது மன்னவனூர் ஆட்டின் தலை:
இரண்டு பக்கமும் காது, ஒன்று வீங்கி.
"வீங்கினதை எடுத்துருவோம்.
திறந்து பார்த்து மற்றது சுத்தமா இருந்தா
அதையும் கர்ப்பப்பையையும் தொடமாட்டோம்.
இந்த வகைக் கட்டி மருந்துக்குக் கேட்கும்.
ஆனா சத்தியம் பண்ணமாட்டேன்."

முட்டை எடுத்து உறையவைக்கலாமாம்.
அதற்குப் பணம் வேண்டும், நாள் வேண்டும்.
கட்டி இரண்டையும் தரவில்லை.

"குழந்தை வேணுமாம்மா உனக்கு?"

"வேணும் வேணும்" என்ற அத்தை
அங்கேயே முந்தானையில் காசு முடிந்தாள்
குழந்தை வேலப்பருக்கு.
"உயிர் போதும், எல்லாத்தையும் எடுத்துருங்க"
என்றான் அண்ணன்.
இருவரும் அழுதார்கள்.
இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு இருபத்தொன்று.
ஏரிச்சாலையில் சாக்லேட் எடைபோடுகிறேன்.
மனதில் எவனும் இல்லை.
"தெரியலை டாக்டர்" என்றேன்.
"தெரியாததுக்காகத்தான் வச்சிருக்கணும்."

அவர் பேனாவை என் பக்கம் திருப்பினார்.

பிறகு மருந்து, மூன்று சுற்று.
முடி போனது. ருசி போனது.
மாதா மாதம் வருவதும் போனது.
கடைக்காரர் கம்பளித் தொப்பி கொடுத்தார்,
குளிருக்கு என்றார்,
குளிருக்கு என்றே நானும் வாங்கிக்கொண்டேன்.

ஏழாம் மாதம், கடைசி பஸ்,
பூம்பாறை இறக்கத்தில் அடிவயிறு இழுத்தது.
கட்டிதான் என்று கம்பியைப் பிடித்தேன்.
இல்லை.
பக்கத்து சீட்டில் கேரட் மூட்டையோடு இருந்தவளிடம்
மெதுவாய்க் கேட்டேன், பேட் இருக்குமா.
பையைத் துழாவிக்கொண்டே
"ஐயோ, இன்னைக்குப் பார்த்தா" என்றாள்.
நான் சிரித்த சிரிப்பில்
கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அத்தைக்கு ஒரு வாரம் சொல்லவில்லை.
சொன்னால் பெயர் வைத்துவிடுவாள்.

வியாழக்கிழமை மதுரை. ரத்தம் கொடுக்கணும்.
இறங்கும்போது மலை
இரண்டு காதையும் அடைக்கும்.
எச்சில் விழுங்கினால்
எனக்கு எப்போதும்
வலதுதான் முதலில் திறக்கும்.