சுமைகூலி

திருமதி யூஃபெமியா மக்காஸ்கில் வாங்க நினைத்தது
பழைய ரேடியோவுக்கு ஒரு திருகு.
சுண்டைக்காய் அளவு. ஒன்பது கிராம்.
விலை ஒரு பவுண்டு எழுபத்தைந்து.
பக்கத்திலேயே பச்சை எழுத்தில்
தபால் இலவசம்.

கூடையில் போடும்வரை இலவசம்.
பெயர் எழுதும்வரை இலவசம்.
வீட்டு எண்ணுக்கும் தெருவுக்கும்கூட முகம் மாறவில்லை.
அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும்
திரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
பதினாறு பவுண்டு ஐம்பது என்றது.
காரணம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில்:
தீவுகளுக்குக் கூடுதல் கட்டணம்.

தீவா?
லெர்க்கிலிருந்து லண்டன்வரை
கால் நனையாமல் போகலாம்.
அவர் தம்பியின் ஆடுகள்
ஒவ்வொரு ஆகஸ்டிலும் அப்படித்தான் தெற்கே போகின்றன.
அவற்றிடம் யாரும் குறியீடு கேட்பதில்லை.

இன்னொரு கடையில் தபால் நிஜமாகவே இலவசம்,
திருகு பதினான்கு பவுண்டு.
மூன்றாவதில் திருகு தொண்ணூறு பென்ஸ், தபால் பதினொன்று,
இரண்டாய் வாங்கினால் இரண்டாவதற்கு ஆறு.
இரண்டாவது எதற்கு?
நான்காவது கடை,
கட்டணம் பிறகு தெரிவிக்கப்படும் என்றது
சாவுச் செய்தி சொல்லும் குரலில்.
மின்சார பில் வந்த உறையின் பின்பக்கம்
கூட்டலும் அடித்தலுமாய் நிரம்பிவிட்டது.

முதல் கடைக்காரருக்கே எழுதினார்:
ஐயா, நான் தீவில் இல்லை.
லெஸ்டரிலிருந்து பங்கஜ் மிஸ்த்ரி
இரவு பதினொன்றரைக்குப் பதில் போட்டார்:
நம்புகிறேன் அம்மா.
வரைபடம் என்னுடையதல்ல, கூரியர்காரர்களுடையது.

கட்டிவிட்டார்.
மூன்று வாரமாகக் குறடு வைத்துத் திருகி
ரேடியோ ஒரே சத்தத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.
கடலில் போகும் கப்பல்களுக்கான வானிலை
தெருவுக்கே கேட்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால்
அந்தப் பதினாறு ஐம்பது என் வேனில்தான் வந்தது.
அதாவது, பொட்டலம் வந்தது.
பணத்தில் எழுபது பென்ஸ் வந்தது.
பெட்ரோல் என்னுடையது.

செருப்புப் பெட்டி அளவு அட்டை.
உள்ளே காகிதம், காகிதத்துக்குள் காற்றுப்பை,
பைக்குள் திருகு.
கதவைத் திறந்ததும் கேட்டார்,
கப்பலில் வந்தாயா?
அலை கொஞ்சம் அதிகம் என்றேன்.
சிரித்தார். நானும் சிரித்ததோடு
நிறுத்தியிருக்க வேண்டும்.
உனக்கு இதில் எவ்வளவு என்றார்.
சொல்லிவிட்டேன்.

உறையைத் தேடி எடுத்துவந்து
மிச்சமிருந்த மூலையில் கழித்தார்.
பதினைந்து எண்பது.
இது எங்கே இறங்கியது?
நான் வந்த வழியை யோசித்தேன்.
இன்வெர்னஸ் கிடங்கு, அதற்கு முன் பெர்த்,
அதற்கும் முன் விடியாத ஏதோ ஒரு ஊரில்
பெட்டிகளை வீசும் பையன்.
அவனிடமும் இறங்கியிருக்காது.

அடுத்த செவ்வாய் மறுபடி அதே வீடு. இந்த முறை எடுக்க.
ரேடியோவின் தண்டு ஒரு பக்கம் தட்டை,
திருகின் துளை முழு வட்டம்.
எவ்வளவு சுற்றினாலும் சும்மா சுற்றியது.

திருப்பி அனுப்ப எவ்வளவு என்றேன், பயந்துகொண்டே.
இலவசம், என்றார்.
ஒன்று எழுபத்தைந்து திரும்பி வரும்.
பதினாறு ஐம்பது வராது, அது சேவையாம்.
ஆனால் படிவத்தைப் பார்,
போகிற வழியில் நான் பெருநிலத்தில் இருக்கிறேன்.

பெட்டியை வாங்கிக்கொண்டேன்.
எடுப்பதற்கு நாற்பது பென்ஸ்.
வேனைத் திருப்பும்போது
பூட்டிய ஜன்னலைத் தாண்டிக் கேட்டது,
வடமேற்கிலிருந்து பலத்த காற்று,
கடல் கொந்தளிப்பு,
சிறு படகுகள் கரையிலேயே இருக்கவும்.