ஒன்றரை அங்குலம்

சவுக்குக் கம்பில் சட்டம் நின்று ஒன்பது நாள்.
சுவர் இல்லாத வீட்டைக் கோழிகள்
வாடகைக்குப் பார்க்க வந்தவர்கள்போல
எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன.

தகரம் என்றார் இவர்.
பேரணாம்பட்டு வெயிலில் தகரத்துக்குள் அடைத்தால்
முட்டையை அவித்தே இடும் என்றேன்.
மூங்கில் தட்டி என்றாள் பக்கத்து வீட்டு நசீபா.
போன மாசம் அவள் தட்டியில்
கீரி கை விட்டது.
கை மட்டும்தான் உள்ளே போனது.
கோழி துண்டு துண்டாக வெளியே வந்தது.
ப்ளைவுட் விலை கேட்டோம்.
கேட்டதோடு சரி.

சும்மா கிடைத்தது ஒன்றுதான்:
வார்டு தேர்தலில் தோற்றவரின் ஃப்ளெக்ஸ்.
கும்பிட்ட கை கிழக்குப் பக்கம்,
பாதி மீசை வடக்குப் பக்கம்.
காற்றடித்தால் அவர் படபடவென்று பேச ஆரம்பிப்பார்.
கிராப்புச் சேவல் பதில் சொல்லும்.
மூன்றாம் நாள் விடிந்தபோது
அவருக்கு இடது கண் இல்லை.

அந்த வாரம்தான்
மூடிக் கிடந்த தோல் ஷாப்பின் பலகைகளை
எடைக்குப் போட்டார் முனவர் சாயபு.
ஈரத்தோலை இழுத்து ஆணியடித்துக்
காயவைத்த பலகைகள்.
ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் ஓட்டை.
'இன்னாத்துக்கு இந்த அம்மை வார்த்த பலகை?'
காத்து வரும், கீரி வராது என்றேன்.
மோந்து பார்த்தார். 'நாறுது.'
'கோழி மட்டும் இன்னா, சந்தனமா?'

ஞாயிற்றுக்கிழமை அவர் மேலிருந்து தொடங்கினார்.
ஒரு பலகை, அதன் விளிம்பின்மேல் அடுத்தது,
அப்படியே கீழே இறங்கி வந்தார்.
மூன்று பலகை வரை நான் வாயைத் திறக்கவில்லை.
நாலாவதில் சொன்னேன்:
பதினோரு வருஷமாக ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன்.
மடிப்பின் வாய் கீழே பார்க்கணும்.
மேலே பார்த்தால் மழை குடியேறிவிடும்.
கீழிருந்து ஏறிவரணும்.
மேல்பலகை கீழ்ப்பலகையை
ஒன்றரை அங்குலம் தழுவணும்.

அவர் பேசவில்லை.
ஆணி பிடுங்கும் சத்தம்தான்
வெகுநேரம் பேசியது.

டேப்பு தேடவில்லை.
என் கட்டைவிரல் நுனியிலிருந்து
மெஷின் ஊசி ஏறி இறங்கிய தழும்பு வரை
சரியாக ஒன்றரை அங்குலம்.
விரலை வைத்து வைத்து நான் கோடு போட,
அவர் அடித்தார்.

பழைய ஓட்டையில் புது ஆணி நிற்காது.
ஆடுகிற பல்போல இளகிக் கையோடு வந்துவிடும்.
யாரும் குத்தாத இடம் வேண்டும்.
ஒரு பலகையில் அப்படி ஓர் இடம் தேடிக்
கால் மணி நேரம் போனது.
இன்னொன்றை வேலியில் சாய்த்துவைத்தபோது
ஓட்டைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆடு:
கழுத்து, வாலடி, விரித்த நாலு கால்.
இவரும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.
ஆள் போகாத பின்பக்கத்துக்கு
அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இருட்டியதும் ஏழு கோழியும்
அவருடைய எக்ஸெல் வண்டியில் ஏறி உட்கார்ந்தன.
சீட்டில் நாலு, ஹேண்டில்பாரில் மூன்று.
சேவல் ஃப்ளெக்ஸ் கிடந்த இடத்தில்
யாரையோ தேடிக்கொண்டிருந்தது.
ஒவ்வொன்றாகப் பிடித்து, திட்டு வாங்கி,
உள்ளே விட்டுத் தாழ் போட்டபோது மணி ஒன்பது.
குஞ்சுகளைக் கூடையோடு வைத்தோம்.

காலையில் கதவைத் திறந்தேன்.
கிழக்குச் சுவரின் அத்தனை ஓட்டையும்
தரையில் வெளிச்சமாகச் சிந்திக் கிடந்தது.
குஞ்சுகள் கொத்தின.
ஒரு பொட்டு, அடுத்த பொட்டு,
அலகில் ஒன்றும் வராமல் மறுபடியும் கொத்தின.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்
உள்ளே போய் ஒரு பிடி நொய் எடுத்துவந்து
அதே பொட்டுகளின்மேல் தூவினார்.
'ஏமாத்தக் கூடாது' என்றார்,
பலகையிடமா என்னிடமா தெரியவில்லை.

மழை இன்னும் வரவில்லை.
யார் சொன்னது சரி என்பது
ஐப்பசியில் தெரியும்.