ஐந்தாம் வாளி

மூடா ஆற்றுக்குத் தெற்கே, செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில்
தகரக் கூரைக்குக் கீழே எனக்கு வேலை: எண்ணுவது.
மண் சலித்த வாளிகள் காலையில் வரும்.
ஓடுகளைக் கழுவி, கீல் உள்ளதை மட்டும் எண்ண வேண்டும்.
உடைசல் கணக்கில் சேராது.
நாள் கூலி அறுபத்தைந்து ரிங்கிட், சாப்பாடு நம்முடையது.

மேடு என்றார்கள். நான் குன்றை நினைத்துக்கொண்டு வந்தேன்.
முழங்கால் உயரம்தான் மிச்சம்.
பாக்கியைச் சுண்ணாம்புக்காரர்கள் வண்டி வண்டியாய்
அள்ளிப் போய்ச் சுட்டுவிட்டார்களாம்.
எந்தெந்த ஊர்ச் சுவரில் வெள்ளையாய் நிற்கிறதோ
அத்தனை பேர் தின்ற எச்சில்.

ராஜா கேட்டு எழுப்பியதில்லை இது. கொத்தனும் இல்லை.
தின்றார்கள், எறிந்தார்கள்,
எறிந்த இடத்துக்கே மறுபடி வந்து குந்தினார்கள்.
செத்தவர்களையும் அதற்குள்ளேயே படுக்கவைத்தார்கள்.
டாக்டர் ஹஸ்லினா ஐயாயிரம் ஆண்டு என்கிறார்,
பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துத் தருகிற மாதிரி.
கடல் அப்போது இங்கேயே இருந்ததாம்.
இப்போது மோட்டாரில் இருபது நிமிடம்.

செவ்வாய்க்கிழமை பகலில் நோர்டின்
அவித்த கெராங் ஒரு பொட்டலம் வாங்கி வந்தான்.
வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து தின்றோம்,
நகத்தால் நெம்பி, மிளகாய்ச் சாற்றில் தோய்த்து,
பேச்சில்லாமல்.
ஓடுகளைப் பையில் போட்டதாகத்தான் நினைவு.

மாலையில், ஐந்தாம் வாளியில்,
ஒன்றின் விளிம்பில் மட்டும் சிவப்பு.
கை பாட்டுக்குக் கழுவிவிட்டது.
அப்புறம் எது என்று எனக்கே தெரியவில்லை.
அதே வரிகள், அதே வளைவு,
ஈரத்தில் எல்லாம் ஒரே நிறம்.
நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டு ஒன்றைக் குறைக்கலாம்.
எதை எடுத்து வெளியே போட?

சொல்லிவிடத்தான் எழுந்தேன். டாக்டர் போனில்
மகனின் பள்ளி வேன்காரரோடு சண்டையில் இருந்தார்.
வந்து உட்கார்ந்துகொண்டேன்.

பையைக் கட்டி, சீட்டு ஒட்டி,
குழி எண், ஆழம், தேதி,
எண்ணியவர்: யோகமலர் த/பெ சின்னையா.
கையெழுத்தும் போட்டாயிற்று.
இனி ஏதோவொரு பல்கலைக்கழகத்தின் இரும்பு அலமாரியில்
என் செவ்வாய்க்கிழமைப் பசியும் அவர்களுடையதோடு கிடக்கும்.

"ஏன் தனியா சிரிக்கிற?" என்றான் நோர்டின்.
"ஒன்னுமில்ல."

மூன்று முறை சோப்புப் போட்டும்
நகக்கண்ணில் கடல் வாடை.
எந்தக் கடல் என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.