வைக்கோல், அறுபது

வெளியே போரா காற்று
ட்ரியெஸ்டே துறைமுகத்தின் கொடிக்கம்பங்களை
அறைந்துகொண்டிருந்தது.
உள்ளே, இரவு பதினொன்றரைக்கு,
நானும் நீவெஸும் ஒரு மஞ்சளைத் தேடிக்கொண்டிருந்தோம்.

எண்பத்தேழாம் வருடக் குறிப்பேட்டில்
பென்சிலில் ஒற்றை வரி:
மூன்றாம் காட்சி. வைக்கோல். அறுபது.

எந்த வைக்கோல்?
அறுத்த அன்றைக்கு இருந்ததா,
மழையில் நனைந்து
மாடு முகம் திருப்பிக்கொண்டதா?

மாதிரிப் புத்தகத்தில்
ஒரே ஆணியில் விசிறியாய் இருநூறு வண்ணத்தாள்கள்,
ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம்.
நீவெஸ் விரித்தாள், முகர்ந்தாள்,
"இதெல்லாம் இன்னும் வேலைக்கே போகாத பிள்ளைகள்"
என்று மூடினாள்.
பிறகு கிடங்குக்குப் போய்
இரும்புச் சட்டத்தில் மாட்டியபடியே கிடந்த
பழைய தாளைத் தூக்கி வந்தாள்.
நடுவில் வெந்து வெளுத்த வட்டம்.
ஓரம் மட்டும் தன் பெயருக்கு உண்மையாய் இருந்தது.

எதோடு பொருத்துவது?
நான் ஓரம் என்றேன்.
அவள் நடு என்றாள்.
ஊர் பார்த்தது நடுவைத்தானே.

இடப்பக்கம் எங்களிடம் மிஞ்சிய ஹாலஜன்.
வலப்பக்கம் புது எல்.இ.டி.
இரண்டுக்கும் பொதுவாய் ஒரு வெள்ளைப் படுதா.
அம்பர் நூறு. சிவப்பு நாற்பது.
எலுமிச்சை முப்பது, இல்லை இருபத்தெட்டு.
உப்புப் பார்ப்பதுபோல் பச்சை, ஒன்றே ஒன்று.
பன்னிரண்டேகாலுக்கு
படுதாவின் நடுவிலிருந்த கோடு மறைந்தது.
எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று
எனக்கே தெரியவில்லை.
கை குலுக்கிக்கொண்டோம்.

அப்போதுதான் ஒந்தினா வந்தாள்.
ஒத்திகை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல்,
மூன்றாம் காட்சியின் ஒயின் நிற மேலங்கியோடு,
கையில் பாதி சாண்ட்விச்.
இடப்பக்கம் நின்றபோது
கப்பலுக்குக் காத்திருக்கிற பெண்.
வலப்பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்ததும்
மேலங்கி ஈரல் துண்டு.
முகத்தில் மூன்று நாள் காய்ச்சல்.
"நான் எப்போ செத்தேன்?"
கேட்டுவிட்டு மறுபடி கடித்தாள்.

வெள்ளைத் துணி அப்படித்தான்.
எந்த வெளிச்சம் வந்து எதைச் சொன்னாலும்
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும்.
இழக்க அதனிடம் நிறமில்லை.
சுருட்டி மூலையில் வைத்தோம்.

ஒந்தினா நாற்காலியை இழுத்துப் போட்டு
வைத்தியரிடம் நாடி காட்டுகிறவள்போல்
இடது கையை நீட்டினாள்.
பச்சை நரம்பு. மணிக்கட்டில் அடுப்புச் சூடு பட்ட தழும்பு.
குளிரில் புல்லரித்த மயிர்க்கால்கள்.
அந்தக் கைமேல் மஞ்சளை
முதலிலிருந்து சமைத்தோம்.
எலுமிச்சையைக் குறைத்தேன், தோல் சாம்பலானது.
அடர்சிவப்பை ஏற்றினேன், தழும்பு விழித்துக்கொண்டது.
மேலங்கியின் கையை ஒருமுறை இறக்கி விட்டாள்,
ஒருமுறை மடித்தாள்.
"இன்னும் கொஞ்சம்," என்றாள் நீவெஸ், ஏணி மேலிருந்து,
"இன்னும், இன்னும்… ஐயோ, போதும்."

படுதாவில் போட்டுப் பார்த்திருந்தால்
அந்த மஞ்சள் பொருந்தியிருக்காது.
போடவில்லை.

ஒன்றரை மணிக்கு அணைத்துப் பார்த்தோம்.
எல்.இ.டி. கத்தரித்த நூல்போல் போனது.
ஹாலஜனுக்கு அவ்வளவு அவசரமில்லை.
அதன் கம்பி
மஞ்சளிலிருந்து செம்மைக்கு இறங்கி,
செம்மையிலேயே சற்று நின்று,
பிறகுதான் இருட்டை உள்ளே விட்டது.

"மூணு வாரமா அந்தச் சிவப்பை வெச்சுத்தான்
கதவைக் கண்டுபிடிக்கிறேன்," என்றாள் ஒந்தினா.
"திடீர்னு அணைச்சா தூணில்தான் முட்டிக்கணும்."

எண்ணிப் பார்த்தோம். ஒன்றே முக்கால் வினாடி.
சூடே ஆகாத விளக்குக்கு
ஆறுவதற்கு நேரம் எழுதிக் கொடுத்தேன்.
பொய்தான்.
பக்கத்திலேயே அட்டைக் கப்பல் ஒன்று நிற்கிறது,
அதை யாரும் கேட்பதில்லை.

இரண்டரைக்குச் சேமிக்கப் போனால்
பலகை பெயர் கேட்டது.
வைக்கோல் என்று அடித்தேன்.
நீவெஸ் அழித்தாள்.
ஒந்தினாவின் இடது கை என்று அடித்தாள்.
இடம் போதாது என்றது திரை.

கை, அறுபது.

இப்போதும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.
விசைகளுக்கிடையே ரொட்டித் துணுக்கும் இருக்கிறது,
எடுக்க வரவில்லை.