வலது கீழ் மூலை

நீதிமன்றம் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம்.
ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண்.
வலது கீழ் மூலை, கறுப்பு மை,
விடுபடக் கூடாது, இரட்டிக்கக் கூடாது.
வெற்றுப் பக்கத்துக்கும் உண்டு:
ஒன்றும் சொல்லாதவர்களையும்
வரிசையில் நிறுத்தியாக வேண்டும்.

செயின்ட் ஜான்ஸில் நாலரைக்கே இருட்டிவிட்டது.
எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலில்
மூடுபனி விட்டுவைத்த பாதிக் கிரேன்.
வக்கீல் கீலி கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"ஒன்பதுக்குள் ஏற்றிவிடு, ரொவீனா.
போன தடவை அட்டையை எண்ணாமல் விட்டோம்.
நீதிபதி நாற்பதைத் திறந்தால் என் திரையில் நாற்பத்திரண்டு.
வேறு யாருடைய இழவு வீட்டிலோ
துக்கம் கேட்டவன் மாதிரி நின்றேன்."

ஆகவே இந்த முறை அட்டைதான் ஒன்று.
பொருளடக்கம் இரண்டு, மூன்று.
நான்கில் தொடங்குகிறது படகு.

வாங்கிய ரசீது. இயந்திரம் பழுது பார்த்த பில்.
பதினேழில் ஒரு புகைப்படம்,
வெள்ளை உடல், பச்சை விளிம்பு,
யாரோ ஒருவரின் கட்டைவிரல் லென்ஸின் ஓரத்தில்.
முப்பத்தொன்றில் வானிலை.
ஐம்பதில் மறுபடி வானிலை, இன்னும் மோசமாக.
எண்பத்தெட்டில் காப்பீட்டு நிறுவனம் வருந்துகிறது,
எண்பத்தொன்பதில் வருந்துகிறது,
தொண்ணூற்றிரண்டில் கையெழுத்தில்லாமல் வருந்துகிறது.

நூற்று நாற்பது: லெவி ஸ்னூக் கிடைத்த இடம்,
அட்சரேகை, தீர்க்கரேகை, கடிகார நேரம்.
நூற்று நாற்பத்தொன்று: மகன் ரண்டெலுக்கான அதே படிவம்.
பெயரைத் தவிர ஒரு கட்டமும் நிரம்பவில்லை.
அதற்கும் எண் போட்டேன்.

போட்டேன் என்பது பேச்சுக்குத்தான்.
தொடக்க எண், எழுத்தளவு, மூலை, ஒரு சொடுக்கு;
மென்பொருள் முடித்தபோது என் தேநீர் இன்னும் சுட்டது.
ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

இருநூற்றுப் பதினொன்றில் விரல் நின்றது.
கரையோர வானொலி நிலையத்தின் பதிவேடு, அந்த இரவு, பென்சில்.
காவலில் இருந்தவர் தாளை வீணாக்காதவர்.
கடைசி வரி விளிம்பு வரை ஓடி
மூலைக்குள் இறங்கியிருந்தது:
படகு அழைத்தது, மூன்று மணி நாற்பத்து...
அதற்குமேல் என் எண் உட்கார்ந்திருந்தது,
கறுப்பாக, நேராக, விதிப்படி.

நாற்பத்தொன்றா, நாற்பத்தொன்பதா,
வழக்கே அதுதான்.
எதிர்த்தரப்பிடம் இருப்பது நகலின் நகல்;
அவர்கள் ஒன்பது என்று படிக்கிறார்கள்.
எட்டு நிமிடம். அந்தத் தண்ணீரில்.

எண்ணை நீக்கினேன். பெரிதாக்கினேன்.
ஒல்லியாக, பாதி தேய்ந்து,
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து:
ஒன்று.

பக்கத்தைச் சுருக்கினால் ஓரம் கிடைக்கும்.
தொண்ணூற்று நான்கு சதவீதம் வைத்துப் பார்த்தேன்.
ஓரம் கிடைத்தது. ஒன்று,
தாளில் விழுந்த கீறல் போலாகிவிட்டது.

பதிவகத்தைக் கூப்பிட நேரம் கடந்திருந்தது.
போன மாதம் எழுத்து அரைப் புள்ளி சிறிதென்று
ஒரு முழுக் கோப்பையே திருப்பியனுப்பியவர்கள்.
நாளை கடைசி நாள்.
கீலியின் கைபேசி, பாவம், அவர் மேசையிலேயே அதிர்ந்தது.

அந்த ஒரு பக்கத்தில் மட்டும்
எண்ணை இடது மூலைக்குத் தள்ளினேன்.
முன்னூற்று எண்பத்தைந்து வலது, ஒன்று இடது.
எட்டு ஐம்பத்திரண்டுக்கு ஏற்றினேன்.
படிக்கட்டில் இறங்கும்போதும்
வயிற்றுக்குள் ஏதோ பக்கம் மாறிக் கிடந்தது.

காலையில் பதிவகத்திலிருந்து ஒரு வரி:
பக்கம் 211, எண் உரிய இடத்தில் இல்லை, காரணம்?

விதி எண், விலக்கு, மன்னிப்பு என்று
மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன்.
பிறகு அனுப்பினேன்:
அங்கே ஒருவர் ஏற்கெனவே எழுதியிருந்தார்.

பதினொன்றேகாலுக்குப் பதில் வந்தது.
கோப்பு ஏற்கப்பட்டது.
மொத்தப் பக்கங்கள் 386.