பூம்பாறையில் எடுத்த நாலு நிமிஷம்

படத்தில் அது ஒரு தாழ்வாரம்.
ஒரு கதவு, எரியாத பல்பு,
நைட்டியில் ஒரு பெண்.
தினகர் சொன்னார்: இங்கே தியேட்டரே அலறணும்.
இடி வை, வயலினை இழு, என்ன வேணாலும் பண்ணு.

நான் மைக்கை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

வேலப்பனின் ஜீப்பில் பூண்டு மூட்டை வாசம்.
பூம்பாறை தாண்டி, மன்னவனூர் போகும் வழியில்
யூகலிப்டஸ் முடிந்து சோலை தொடங்கும் ஓர் இடத்தில்
எஞ்சினை அணைக்கச் சொன்னேன்.
அணைத்த பிறகும் அது
டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.
அதையும் எடுத்து வைத்தேன்.
(இரண்டாம் பாதியில், கிணற்றுச் சுவரைச் சுரண்டும் நகம் அதுதான்.)

எலும்பு முறிய மன்னவனூர் கேரட்.
ஈரத்துணியில் சுற்றி முறிக்க வேண்டும்.
கழுத்து என்றால் இரண்டு, விரலுக்குப் பிஞ்சு.
தோல் உரிவதற்குப் பூண்டுச் சருகு போதும்.
மிச்சத்தைக் கடித்துக்கொண்டே வேலப்பன் கேட்டான்:
"இதுக்கா மேடம் மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்க?"

இதுக்கில்லை.

ராத்திரி பதினொன்றேகால்.
ஹெட்ஃபோனுக்குள் காடு பத்து மடங்கு பக்கம்.
பூச்சிகள் ஒரே கயிறாய்த் திரித்த இரைச்சல்,
இலையிலிருந்து இலைக்குச் சொட்டும் பனி,
என் ஜெர்கின் உரசல், என் எச்சில் இறங்குவது,
மைக்குக்குப் போர்த்திய ரோம உறையில்
காற்று தலை சாய்ப்பது.
பயமெல்லாம் இல்லை. தூக்கம் வந்தது.

பிறகு பூச்சிகள் நின்றன.

ஒவ்வொன்றாக இல்லை.
கரண்ட் போவது போல, முழுசாக.

அந்த இடத்தில் என்ன இருந்தது என்று
இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
மீட்டரில் பச்சைக் கோடு தரையில் படுத்துவிட்டது.
என் ரத்தம் காதுக்குள் நடந்து போவது கேட்டது.
நாற்பது நொடி.
அப்புறம் வலப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில்
ஒரு மூச்சு.
நீளமாக, சூடாக, சளியோடு.

"காட்டுமாடு" என்றான் வேலப்பன், உதடு மட்டும் அசைய.
கொஞ்சம் பொறுத்து,
"போலாம் மேடம், குளிருது."

அவனுக்குக் குளிரவில்லை.

ஊருக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்தேன்.
மூச்சை எட்டு மடங்கு மெதுவாக்கினால்
அது மூச்சில்லை,
ஒரு வீடு புரண்டு படுக்கிறது.
அதற்கும் கீழே இறக்கினேன்,
காதுக்கு எட்டாத, தொப்புளுக்கு எட்டும் ஆழத்துக்கு.
தினகரின் இடியை எடுத்தேன். வயலினை எடுத்தேன்.
தாழ்வாரம் முழுக்கப் பூச்சிகளைப் பரப்பினேன்,
யாரும் கவனிக்காத அளவு.
அவள் கதவில் கை வைக்கும்போது
பூச்சிகளை நிறுத்தினேன்.

அவ்வளவுதான்.
ஏசி ஹாலில் பாப்கார்னோடு உட்கார்ந்திருப்பவனுக்கும்
முதுகுத்தண்டு என்ற பழைய மிருகம் உண்டு.
காடு வாயைப் பொத்தினால் அது எழுந்து உட்காரும்.

ஒரு சிக்கல் மட்டும்:
மௌனத்தில் ஒரு சிட்டிகை ஏதாவது போட வேண்டும்.
சுத்தமாக ஒன்றுமில்லை என்றால்
ஸ்பீக்கர் போச்சு என்று ஆபரேட்டரைத் திட்டுவார்கள்.
தேடினேன்.
"போலாம் மேடம், குளிருது."
பின்னிருந்து முன்னாகத் திருப்பி, இழுத்து நீட்டி,
பின்பக்க இடது மூலையில்
கடுகளவு வைத்தேன்.

படம் வந்தது.
வேலப்பன் குடும்பத்தோடு வத்தலக்குண்டு இறங்கிப் பார்த்திருக்கிறான்.
போனில் சிரித்தான்:
பேய் வந்ததுக்கெல்லாம் பயப்படலை, மேக்கப்பு தெரியுது மேடம்.
ஆனா அந்தத் தாழ்வாரத்துல
எனக்குப் பின்னாடி யாரோ என்னவோ சொன்னாங்க.
திரும்பிப் பாத்தேன், செவுருதான்.
என்ன பாஷையின்னே புரியலை.
ஆனா தெரிஞ்ச ஆளு மாதிரி.

சொல்லிவிட வாயெடுத்தேன்.
போனுக்கு அந்தப் பக்கம், அவன் வீட்டைச் சுற்றி
பூச்சிகள் இரைந்துகொண்டிருந்தன.
கொஞ்ச நேரம் அதையே கேட்டேன்.

பிறகு,
பூண்டு என்ன விலை போகிறது என்று விசாரித்தேன்.