இயன்றவரை

ஜாலான் அம்பாங்கில்
ஒரு பல் மருத்துவரின் மாடியில் தொடங்கியது
ஐந்து நாட்டு அரிசிச் செயலகம்.
இரண்டு அறை, ஒரு கழிப்பறை,
அதன் சாவி கீழே மருத்துவரிடம்.
கீழே பல் துளைக்கும் ஓசை,
மேலே ஒற்றுமை குறித்து உரை.
இரண்டையும் கேட்டபடி
நான் சுருக்கெழுத்தில் குறிப்பெடுத்தேன்.

முதல் வாரம் முழுக்க மேசையைப் பற்றியே பேசினார்கள்.
நீள மேசை என்றால் தலைமாடு உண்டு.
தலைமாட்டில் யார்?
வட்ட மேசைக்குத் தொகை ஒதுக்கவில்லை.
பெட்டாலிங் ஸ்திரீட்டில்
கல்யாண விருந்துக்கு வாடகை விடும் சீனர் கடையில்
நாளுக்கு மூன்று வெள்ளி பேசி
ஒரு வட்டப் பலகையை லாரியில் ஏற்றி வந்தேன்.
நடுவில் சோயாச் சாற்றின் கறை.
அந்தக் கறையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்
கண்டத்தை ஒன்றாக்க வந்தவர்கள்.

(மூன்று ஆண்டு வாடகைக்கு
முப்பது மேசை வாங்கியிருக்கலாம் என்று
தணிக்கையாளர் பின்னால் எழுதினார்.
வாங்கலாம் ஐயா,
எந்த நாட்டின் பெயரில்?)

மணிலாவின் ரெமெதியோஸ் அம்மையார்
எதையும் "வேண்டும்" என்றே முடிப்பார்.
"வேண்டும்" காதில் விழுந்தால்
ஜகார்த்தாவின் பாக் சுடார்மோ
கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
பாங்காக்கின் விச்சித்
கருத்துக் கேட்டால் புன்னகைப்பார்.
புன்னகைக்குச் சுருக்கெழுத்து
எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.
நம்மவர் துவான் ஷம்சுதீன்
எல்லோருக்கும் தேநீர் வந்ததா என்று பார்ப்பார்;
அவர் அரசியல் அதுதான்.

பிரிவு நான்கு:
வெள்ளமோ பஞ்சமோ வந்தால்
இல்லாத நாட்டுக்கு
இருக்கிற நாடு அரிசி தர வேண்டும்.

ஏழு மாதம்.
"தர வேண்டும்" தேய்ந்து "தரலாம்" ஆனது.
"தரலாம்" வளர்ந்து
"தருவது குறித்துப் பரிசீலிக்கலாம்" ஆனது.
ஒரு சாக்கைத் தூக்க எத்தனை வினைச்சொல்!
ஒவ்வொன்றையும் ஐந்து படியெடுத்தேன்.
கடைசிப் படியில் எழுத்து
புகை மாதிரி இருக்கும்.
அதை யாருக்குக் கொடுப்பது என்பதற்கும்
ஒரு சுழல்முறை இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, நாலு மணி மழையில்
மின்சாரம் போனது.
விசிறி நின்றது. கீழே துளைப்பதும் நின்றது.
சிங்கப்பூரின் கூ எங் லியாங்
அதுவரை நாற்பது சொல் பேசியிருந்தால் அதிகம்.
இருட்டில் சொன்னார்:
"தர வேண்டும் என்றே இருக்கட்டும்.
முன்னால் 'இயன்றவரை' என்று போடுங்கள்."

அம்மையார் பலகையைத் தட்டினார்:
"அது ஓட்டை!"
"ஓட்டை வழியாகவும் அரிசி விழும், அம்மா."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதினேன்:
பிரிவு நான்கு ஏற்கப்பட்டது.
சிரித்ததைப் பதிய விதியில்லை.

கையெழுத்திட்ட நாளின் படம் ஒன்று உண்டு.
கீழே ஐந்து பெயர்.
ஓரத்தில் மையொற்றும் தாளோடு தெரியும் முழங்கை
என்னுடையது.

மூன்றாம் ஆண்டு கிள்ளான் ஆறு ஊருக்குள் வந்தது.
செந்தூலில் என் வீட்டில் இடுப்பளவு தண்ணீர்.
பள்ளிக்கூட முகாமில் ஈரப் புடவையோடு
கோப்பு எண் மனப்பாடமாய் இருந்ததால்
நான்கு தலைநகருக்கும் தந்தி எழுதினேன்.
இரண்டு பதில் அளித்தன.
ஒன்று பரிசீலித்தது.
ஒன்றிலிருந்து இன்னும் பதில் இல்லை.

பதினோராம் நாள் சாக்குகள் வந்தன.
மேலே நான் வெட்டிய அச்சுத்தகட்டின் எழுத்து,
ஒரு எழுத்து தலைகீழாய்.
வரிசையில் எனக்கு முன்னால்
கைக்குழந்தையோடு நின்றவள் கேட்டாள்:
"யாரு அனுப்பினது?"
களைப்பில் வாய்தவறி
"இயன்றவரை" என்றேன்.
"அது எங்க இருக்கு?"

பழைய அரிசி. வண்டு இருந்தது.
மூன்று தண்ணீர் அலசி உலையில் போட்டோம்.
வெந்தது.

அடுத்த கூட்டத்தின் முதல் பொருள்:
காலிச் சாக்குகளைத் திருப்பி அனுப்பும் செலவு
எந்த நாட்டைச் சேர்ந்தது?
அதற்கு ஒன்பது மாதம் ஆனது.